தலையா, வாலா

உறைபெட்டியின் மூன்றாம் அடுக்கில்
ஐஸ்கிரீமுக்கும் போன ஆகஸ்டில் பறித்த
புளுபெர்ரிகளுக்கும் நடுவே
ஒரு பிஸ்கட் டப்பா.
மூடியில் என் கையெழுத்து: ஊர்வேயுடையது, திறக்காதே.
உள்ளே பன்னிரண்டு எலிக்குஞ்சுகள்,
ஒவ்வொன்றும் என் சுண்டுவிரலின் மேல்கணு அளவு,
ரோமம் முளைக்காதவை,
கண் திறக்கும் முன் உறைந்தவை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில்
ஒருவரும் ஐஸ்கிரீம் தொடுவதில்லை.

பாம்பென்றால் படையும் நடுங்குமாம்.
எங்கள் வீட்டுப் படை பாம்புக்கு நடுங்கவில்லை.
பென்சில் தடிமனில் ஆரஞ்சு நிறம்,
பெயர் பாயெல், எங்கள் மொழியில் நாடா,
லேலோ அதை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு
படம்கூட எடுத்தாள்.
நடுக்கமெல்லாம் அதன் சாப்பாட்டுக்குத்தான்.

ஞாயிறு மாலை, தார்த்துவில் நாலு மணிக்கே இருட்டு,
நான் வெந்நீர் போட்டால்
தேநீருக்கா, அதற்கா? என்று கேட்பான் ஓட்.
பதினெட்டு வயது, ஆறடி இரண்டங்குலம்.
பதிலுக்கு நிற்காமல்
பூட்ஸை மாட்டிப் பனியில் இறங்கிவிடுவான்.
லேலோ கோப்பைகளையெல்லாம் தன் அறைக்குக் கடத்திவிட்டாள்.
பிடி உடைந்த அந்த மஞ்சள் கோப்பை ஒன்றுதான் எலிக்கு என்று
எத்தனை முறை சொல்லியாயிற்று.

இவர்கள்தான்
கிறிஸ்துமஸுக்கு இரத்தம் அடைத்த குடலை
மொறுமொறுவென்று வறுத்துத் தரச்சொல்லி
ஜாம் தொட்டுத் தின்கிறவர்கள்.
அண்ட்ஸ், என் கணவன்,
மீனின் வயிற்றைக் கட்டைவிரலாலேயே திறப்பான்.
அவனிடம் கேட்டேன்.
மீன் என்னைப் பார்ப்பதில்லை என்றான்.
இதற்குக் கண்ணே திறக்கவில்லையே என்றேன்.
அதுதான் என்றான்.

எனக்கு ஐம்பத்து மூன்று.
இருபத்தாறு வருடம் பேருந்துப் பணிமனையில் இரவு ஷிஃப்ட்.
இந்த வீட்டில் வளர்ந்ததெல்லாம் யாரோ கேட்டு வந்தவை:
ஓட்டின் நாய், லேலோவின் முயல்,
அண்ட்ஸின் தேனீக்கள், அவை என்னைத்தான் கொட்டின.
இது நான் கேட்டது.
வாரத்துக்கு ஒருமுறை பசிக்கிற,
குரைக்காத,
நன்றி சொல்லாத ஒன்று.

ஜனவரியில் பணிமனை வாசலில்
கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி.
வலது மணிக்கட்டு இரண்டாயிற்று.
ஆஸ்பத்திரியில் மூன்று இரவு என்றார்கள்.
பாயெல் அப்போதுதான் தோலுரித்து முடித்திருந்தது,
பத்து நாள் பட்டினி.
சில நாள் பொறுத்தால் சாகாது என்று
நானேதான் சொல்லியிருந்தேன்.

இரவு ஒன்பதுக்கு அண்ட்ஸின் அழைப்பு.
தண்ணீர் எவ்வளவு சூடு?
கை பொறுக்கிற சூடு.
யார் கை?
இடுக்கியால் எங்கே பிடிக்க வேண்டும்?
இடுப்பில்.
இதற்கு இடுப்பு எங்கே இருக்கிறது, ஊர்வே?
பித்தப்பை எடுத்த அடுத்த படுக்கைக்காரி
சிரிக்கவும் முடியாமல்
தையலைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு மூச்சு மட்டும்.
தள்ளி எங்கோ லேலோவின் குரல்:
அப்பா, கண்ணைத் திற. கொஞ்சம் ஆட்டு. அவ்வளவு வேண்டாம்.

கவ்விவிட்டது.
தலையா, வாலா?
வால். தப்பான பக்கம். இழுத்துவிடவா?
விடு.
பாம்பின் கால் பாம்பறியும்,
வாய்க்கா வழி தெரியாது.

நிமிடக் கணக்கில் சொல்லிக்கொண்டே வந்தான்,
பந்தய வர்ணனைபோல்,
வர வரக் குரலைத் தாழ்த்தி.
இரண்டு கைகளும் வெளியே நிற்கின்றன என்றான்.
வாய் ஓரத்தில்.
ஐந்தைந்து விரல் இருக்கிறது, என்றான். அல்லது நாலு.
அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
நான் காதை எடுக்கவில்லை.

உறைபெட்டிக் கதவு திறக்கும் சத்தம்.
யார் அது?
ஓட்.
ஐஸ்கிரீமா?
இல்லை, டப்பாவைத் திறந்து எண்ணுகிறான்.
இன்னும் நாலுதான் இருக்கிறதாம்,
நீ வரும்வரை போதுமா என்று கேட்கிறான்.